தொண்டைப் புற்றுநோயும் இழையம் படிக்கும் எந்திரமும்

1887 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே யேர்மனியின் பட்டத்து இளவரசர் பிரடெரிக்கின் குரல் கம்மத் தொடங்கிற்று. மாதங்கள் சென்றும் அது தெளியவில்லை. பேர்க்மன் முதலிய பேர்லின் வைத்தியர்கள் குரல்வளையைப் பிளந்து அங்குள்ள கட்டியை அகற்றல் வேண்டுமென்றனர். இலண்டனிலிருந்து அழைக்கப்பெற்ற மொறெல் மக்கென்சி என்னும் தொண்டை வைத்தியரோ, கத்தியை எடுக்குமுன் கட்டியின் துணுக்கொன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்தலே முறையென வாதித்தார். நோயியலிலே தமக்கு நிகரில்லாதவராய் விளங்கிய றுடோல்ப் விர்ச்சோவிடம் துணுக்குகள் சென்றன. அவற்றிற் புற்றுநோயின் அடையாளத்தை அவர் காணவில்லை. சத்திர சிகிச்சை கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் மூன்றாம் பிரடெரிக் என்னும் பெயருடன் அரியணை ஏறியவர், பேச்சிழந்து, கழுத்திற் பொருத்திய குழாயினால் மூச்சு விட்டு, 99 நாள் மட்டும் ஆண்டு, 1888 யூன் 15 இல் இறந்தார். குரல்வளையில் இருந்தது புற்றுநோயே.

பிழை எவருடையது என்னும் வழக்கு வைத்திய உலகில் நெடுங்காலம் நடந்தது. நமக்கு அவ்வழக்கு வேண்டியதில்லை. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டிய மெல்லிய இழையத்தின்மீது ஒரு மனிதனின் ஆயுள் தங்கியிருத்தல் கூடும் என்பதே ஈண்டுக் கருதற்பாலது. விர்ச்சோவிடம் கேட்கப்பட்ட வினா ஒன்றே: இது புற்றுநோயா, அன்றா? இன்றைய வைத்தியர் அதனோடு அமைவதில்லை. இந்நோய் இவரிடத்தில் எவ்வழிச் செல்லும், மீண்டும் தோன்றுமா, எத்துணை வன்மையான சிகிச்சை இவருக்கு வேண்டும் என்னும் வினாக்களையும் தொடுக்கிறார். இதனையே நோயின் போக்கை எதிர்வுகூறல் என்பர்.

எதிர்வுகூறலுக்கு வைத்தியர் பெரிதும் நம்புவது நோயின் படிநிலையையாகும். கட்டியின் பருமன், நிணநீர்க் கணுக்களிற் பரவிய அளவு, தூர உறுப்புகளிற் பரவியமை என்னும் மூன்றையுங் கொண்டு படிநிலை வகுக்கும் முறையைப் பிரான்சு தேசத்து பியேர் தெனுவா என்பவர் 1943 முதல் 1952 வரை உருவாக்கினார். அதற்கு முன்னரே, 1920 இல், அமெரிக்க நோயியலாரான புரோடர்சு என்பார் உதட்டுப் புற்றுநோயின் கலங்கள் இயல்பான கலங்களினின்றும் எவ்வளவு திரிந்துள்ளன என்பதைக் கொண்டு நான்கு தரங்கள் வகுத்தார். இரண்டும் நல்ல கருவிகளே. ஆயினும் ஒரே படிநிலையும் ஒரே தரமும் உடைய இருவருள் ஒருவர் இருபதாண்டு வாழ, மற்றவர் ஈராண்டில் மறைதலை வைத்தியர் கண்டுகொண்டே இருக்கின்றனர். தரம் வகுப்பதில் நோயியலார் இருவர் ஒருவரோடொருவர் மாறுபடுதலும் அரிதன்று.

இனி, அத்தகட்டினையே நோக்குவாம். உடலினின்றும் எடுத்த துணுக்கைப் போமலினில் இட்டு, மெழுகிலே பதித்து, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கு பங்களவு மெல்லியதாகச் சீவித் தகட்டில் ஏற்றுவர். எமற்றொட்சிலின் என்னும் சாயம் கலங்களின் கருக்களை நீல ஊதாவாக்கும். இயோசின் ஏனையவற்றை இளஞ்சிவப்பாக்கும். இவ்வாறு அமைந்த தகட்டை வருடும் பொறி அதனை ஒரு படமாக மாற்றுகிறது. நாற்பது மடங்கு உருப்பெருக்கத்தில், பக்கம் 15 மில்லிமீற்றரான ஒரு சதுர இழையம் ஏறத்தாழ 360 கோடி புள்ளிகளுடைய படமாகும். கணினி இதனை ஒரே முறையில் விழுங்கமாட்டாது. ஆதலின் பக்கத்திற்கு 256 புள்ளிகளுடைய சிறு சதுரங்களாக வெட்டுவர். மேற்கூறிய ஒரு தகட்டிலிருந்து ஐம்பத்தையாயிரம் சதுரங்கள் வரை கிடைக்கும். இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் பொறுமை எந்த மனிதருக்கு உண்டு?

ஆழ்கற்றல் என்னும் முறை ஈண்டே பயன்படுகிறது. நரம்புக் கலத்தைக் கணித உருவில் அமைக்கலாமென மக்கலக், பிற்சு என்னும் இருவர் 1943 இலே காட்டினர். 1958 இல் உறோசன்பிளற் என்பவர் உதாரணங்களிலிருந்து தானே கற்கும் அமைப்பொன்றை வெளியிட்டார். பல அடுக்குகளாக அமைந்த இத்தகைய வலை 2012 இல் நடந்த படங்களை இனங்காணும் போட்டியிற் பெருவெற்றி பெற்ற பின்னரே நோயியலாரின் கவனம் இதன்பாற் சென்றது. இதற்கு விதி எதனையும் நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. படத்தைக் காட்டுகிறோம், அது ஒரு விடை கூறுகிறது, உண்மை விடைக்கும் அதற்குமுள்ள வேறுபாட்டைக் கணித்து, வலையினுள்ளே உள்ள இலட்சக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்துகிறோம். பல்லாயிரம் முறை திருத்தியபின் முதலடுக்குகள் விளிம்புகளையும் நிறங்களையும், மேலடுக்குகள் கருக்களின் வடிவையும் கலங்களின் அணிவகுப்பையும் உணரத் தலைப்படுகின்றன.

எதிர்வுகூறலில் இருவேறு சிக்கல்கள் எழுகின்றன. நோயாளி எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்னும் ஒரு விடையே உண்டு; ஐம்பத்தையாயிரம் சதுரங்களுள் எது அவர் விதியைச் சுமந்தது என்பதை எவரும் குறித்துவைக்கவில்லை. ஆகவே எச்சதுரத்திற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதையும் எந்திரமே கற்றல் வேண்டும். மற்றையது, ஆய்வு முடியும்போது நோயாளர் பலர் உயிருடன் இருப்பர். அவர்தம் ஆயுளின் அளவு நமக்குத் தெரியாது. இன்ன காலம் வரை வாழ்ந்தார் என்பது மட்டுமே தெரியும். இதனைக் கணக்கிற் சேர்க்கும் முறையை 1972 இல் டேவிட் கொக்சு என்னும் ஆங்கிலப் புள்ளிவிபரவியலார் வகுத்தார். அதன் வழியே எந்திரம் ஆண்டுக் கணக்கைச் சொல்வதில்லை. இவ்விருவருள் எவருக்கு ஆபத்து மிகுதி என வரிசைப்படுத்துகிறது. சோதிடம் போன்று நாள் குறிப்பதாக எண்ணுவோர் இவ்வேறுபாட்டை உளத்திற் கொள்ளல் நன்று.

தொண்டைப் புற்றுநோயில் இம்முயற்சிக்குத் தனிச்சிறப்பு உண்டு. உள்நாக்கையும் நாவின் அடியையும் அடுத்த பகுதியில் மனித பப்பிலோமா வைரசினால் எழும் புற்றுநோய், புகையிலையாலும் மதுவாலும் எழுவதினின்றும் பெரிதும் வேறானது. 2010 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வைரசு காரணமானவருள் மூன்றாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு 82, ஏனையோருள் 57. வழக்கமான இருசாயத் தகட்டைக் கொண்டே இவ்வைரசின் தொடர்பை எந்திரம் ஊகிக்கவல்லது என்பதை 2021 இல் யேர்மனிய ஆய்வாளர் காட்டினர். கட்டிக்குள் நிணநீர்க் கலங்கள் எவ்வாறு பரந்துள்ளன, ஒரு கலத்திற் பல கருக்கள் நெருங்கிக் கிடப்பது எத்துணை என்பவற்றை எண்ணி ஆபத்தை அளக்கும் முறைகளும் அமெரிக்காவில் எழுந்துள்ளன. நிணநீர்க் கலங்கள் மிகுதியாக நுழைந்திருத்தல் பெரும்பாலும் நற்குறி. உடல் போர் புரிகிறது என்பதன் சான்று அது.

இவ்வளவு பாடுபடுவது எதற்கு? கதிர்ச்சிகிச்சையும் சிசுபிளாற்றின் என்னும் மருந்தும் உயிர் காப்பன. அதே வேளை, உமிழ்நீரை வற்றச் செய்து, விழுங்குதலையும் செவிப்புலனையும் கெடுப்பன. ஆபத்துக் குறைந்தவரை இனங்காணின் இத்துன்பத்தைக் குறைக்கலாம். ஆனால் அவசரம் கேடு தரும். வைரசு காரணமான நோயாளருக்குச் சிசுபிளாற்றினுக்குப் பதிலாக மென்மையானதென எண்ணப்பட்ட செற்றுக்சிமாப்பு என்னும் மருந்தைக் கொடுத்த இரு பெரிய பரிசோதனைகளின் முடிவு 2018 இல் வெளிவந்தது. மருந்து மாற்றப்பட்டவருள் இறந்தோரே மிகுதி. எதிர்வுகூறல் நல்லதாயினும், அதனைக்கொண்டு செய்யும் செயலைத் தனியே சோதித்தல் இன்றியமையாதது.

எந்திரமும் ஏமாறும்; ஏமாற்றவும் செய்யும். பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும் ஒருவர், தாளின் நிறத்தையும் மையையும் கண்டு இது இன்ன கல்லூரியின் கட்டு என அறிந்து, விடையைப் படியாமலே புள்ளியிட்டால், அவர் ஊகம் பெரும்பாலும் சரியாகவும் இருக்கலாம். ஆயினும் அவர் விடையைத் திருத்தியவராகார். புற்றுநோய் ஆய்வுக்கென அமெரிக்க வைத்தியசாலைகள் பலவற்றிலிருந்து திரட்டிய தகடுகளில், ஒவ்வொரு வைத்தியசாலையின் சாயமும் வருடும் பொறியும் விட்டுச்சென்ற சாயலை எந்திரம் அறிந்து கொள்கிறதென 2021 இல் ஓர் ஆய்வு நிறுவிற்று. ஓரிடத்துத் தகடுகளிற் கற்றதை அயலிடத்துத் தகடுகளிற் சோதியாது வெளியிடும் பெருமிதங்களை யான் மதிப்பதில்லை.

நம் நாட்டினருக்கு இதில் மேலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இலங்கை ஆடவரிடையே முதலிடம் பெறும் புற்றுநோய் வாயின் புற்றுநோய். அதன் பெருங்காரணம் வெற்றிலை, பாக்கு, புகையிலை. புகையிலை சேராத தாம்பூலமும் புற்றுநோய் விளைப்பதென உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 இற் கூறிவிட்டது. வைரசு மிகுந்த மேலைநாட்டுத் தொண்டைகளிற் கற்ற எந்திரம், பாக்கினாற் காய்ப்பேறிய நம்மவர் இழையத்தைச் செவ்வையாகப் படிக்கும் என்பதற்கு உறுதியில்லை. நம் இழையத்திலேயே அது கற்றல் வேண்டும். மெழுகுக் கட்டிகள் பல்லாண்டு கெடாதிருப்பன. எடுத்து மீண்டும் சீவலாம். அவற்றுக்குரியவர் பின்னர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார், நோய் மீண்டதா என்னும் குறிப்பை மெழுகு சொல்லாது. அதனை ஒவ்வொரு முறையும் நோயாளி வரும்போது யாரோ ஒருவர் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.