வேக்குவம் பார்க்க எந்தக் கேஜ் வாங்கலாம்?

ஸ்பிலிட் ஏசி மாட்டும்போது வேக்குவம் பம்பை எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்? கால் மணி என்பார் ஒருவர், அரை மணி போதாது என்பார் இன்னொருவர். கடிகாரத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. குழாய்க்குள் காற்றும் ஈரமும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதைக் கேஜ்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊர் மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஊசி மேனிஃபோல்டு. நீலக் கேஜில் ஊசி 30 அங்குல வேக்குவத்தைத் தொட்டதும் பம்பை நிறுத்திவிடுகிறார்கள். காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். மைக்ரானில் சொன்னால் 7,60,000. ஓர் அங்குலம் என்பது 25,400 மைக்ரான். சிஸ்டத்துக்குள் நமக்கு வேண்டியதோ 500 மைக்ரான் அல்லது அதற்கும் கீழே. 500, 5,000 இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஊசியின் பருமனுக்குள்ளேயே மறைந்துபோகும். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதே சுமார் 32,000 மைக்ரானில்தான். அப்போது ஊசி 28½ அங்குலத்தைத் தாண்டியிருக்கும். வேலை முடிந்தது என்று ஊசி காட்டும் நேரத்தில்தான் உள்ளே ஈரம் ஆவியாக ஆரம்பிக்கிறது.

ஆர்-22 காலத்து மினரல் ஆயில் இதை ஓரளவு பொறுத்துக்கொண்டது. ஆர்-410ஏ, ஆர்-32 மெஷின்களில் பரவலாக வரும் பிஓஇ ஆயில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு பம்பால் அதை வெளியே இழுப்பது பெரும்பாடு. ஈரமும் அந்த ஆயிலும் சேர்ந்தால் அமிலம் உருவாகி, கம்ப்ரஸர் வைண்டிங்கை அரிக்கும். ஆகவே, கேஸ் சார்ஜ் பண்ண ஊசி மேனிஃபோல்டு போதும். வேக்குவம் பார்க்க அது உதவாது.

அடுத்தது டிஜிட்டல் மேனிஃபோல்டு. அழுத்தம், சூப்பர்ஹீட், சப்கூலிங் எல்லாம் ஒரே திரையில் வரும், வசதிதான். ஆனால் சில மாடல்களில் இருப்பது வெறும் அழுத்த சென்சார். வேக்குவத்தை அவை தோராயமாகத்தான் காட்டும். மைக்ரான் கணக்கில் காட்டுமா, அதற்கெனத் தனி சென்சார் உண்டா என்று வாங்கும்முன் கேளுங்கள். உண்டென்றாலும் ஒரு குறை மிஞ்சும். சென்சார் மேனிஃபோல்டிலேயே இருப்பதால், பம்புக்குப் பக்கத்தில் உள்ள வேக்குவத்தைத்தான் காட்டும். தூரத்தில் இருக்கும் இன்டோர் காயிலில் நிலைமை வேறாக இருக்கலாம். ஓஸ்களின் நுண்ணிய கசிவும் சிஸ்டத்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.

நான் பரிந்துரைப்பது தனி மைக்ரான் கேஜ். டெஸ்டோ 552 போன்றவை உள்ளங்கை அளவுதான். பம்பிலிருந்து விலக்கி, சிஸ்டத்தை ஒட்டி மாட்டலாம். பம்பை வால்வால் அடைத்த பிறகும் கேஜ் சிஸ்டத்தோடு தொடர்பில் இருக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கேஜின் உண்மையான பயன் பம்பை அடைத்த பிறகுதான் தெரியும். எண் கொஞ்சம் ஏறி 1,500, 2,000 என்று எங்காவது நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது: உலர்ந்த நைட்ரஜன் விட்டு மறுபடி வேக்குவம் போடுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு: ஃபிளேர் நட்டிலிருந்து தேடத் தொடங்குங்கள். பத்து நிமிடம் 500-க்குள் நின்றால் தைரியமாக வால்வைத் திறக்கலாம். கசிவா ஈரமா என்று பிரித்துச் சொல்லும் இந்த வித்தையை எந்த ஊசியும் செய்யாது.

வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு எச்சரிக்கை. புராசஸ் டியூப் வழியாக மட்டும் இழுத்தால், கண்டென்சர் பக்கத்துக் காற்று மெல்லிய கேப்பிலரியைத் தாண்டி வர நேரம் பிடிக்கும். பம்பை அடைத்ததும் எண் ஏறுவது அந்தக் காற்று வந்து கலப்பதாலும் இருக்கலாம். கசிவு என்று அவசரப்பட வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

ஃபோனோடு இணையும் திரையில்லாத கேஜ்களும் கிடைக்கின்றன. மொட்டைமாடியில் யூனிட், கீழே நீங்கள் என்றால் சௌகரியம். ஃபோனில் சார்ஜ் தீர்ந்தால் எண்ணும் போய்விடும் என்பதால், முதல் கேஜாகத் திரையுள்ளதே நல்லது.

எதை வாங்கினாலும் சென்சாரில் ஆயில் படாமல் காப்பாற்றுங்கள். பட்டால் எண் பொய் சொல்லும். வாய் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். கேஸ் விடுமுன், அந்த அழுத்தத்தைக் கேஜ் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள், தாங்காதென்றால் கழற்றிவிடுங்கள்.

பட்ஜெட் குறைவு என்றால் பழைய ஊசி மேனிஃபோல்டை மாற்றாதீர்கள். தனி மைக்ரான் கேஜ் ஒன்று வாங்குங்கள். மீதிப் பணத்தை, சர்வீஸ் வால்வின் பின்னைக் கழற்றும் கருவிக்கும் தடித்த வேக்குவம் ஓஸுக்கும் செலவழியுங்கள்.