நின்றுபோன வில்லிஸ் ஜீப்பை ஓட வைப்பது எப்படி?

ஓடாத பழைய ஜீப்பை ஆசைப்பட்டு வாங்குகிறவர்களில் பலர் முதல் மாதத்திலேயே பெயின்ட்டுக்கும் பெரிய டயருக்கும் பணத்தைக் கொட்டிவிடுகிறார்கள். எஞ்சினைத் திறந்து பார்க்கும் நேரத்தில் கையில் காசு இருக்காது. வண்டி பாதியில் நின்றுபோய், அடுத்த ஆள் கைக்கு மாறிவிடும். பேப்பர், எஞ்சின், பிரேக், கொஞ்ச நாள் ஓட்டம், அதற்குப் பிறகு மேம்பாடு என்ற வரிசையை மாற்றாதீர்கள். வரிசை தப்பினால் செலவு இரட்டிப்பாகும்.

நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது சிஜே-3பி. அமெரிக்காவின் டொலிடோ நகரத்து வில்லிஸ் ஆலையில் 1953இல் பிறந்த மாடல். மஹிந்திரா நிறுவனம் உரிமம் பெற்று பல பத்தாண்டுகள் இங்கே தயாரித்தது. பானட் மற்ற ஜீப்களைவிட உயரமாக இருக்கும். உள்ளே இருக்கும் 2.2 லிட்டர் ஹரிக்கேன் எஞ்சின் உயரமானது என்பதுதான் காரணம். அதில் இன்லெட் வால்வு மேலே ஹெட்டிலும், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் வேலை பேப்பர். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் துடைத்துப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பல வண்டிகளில் நடுவில் யாரோ டீசல் எஞ்சின் மாட்டி, ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். எண் ஒத்துப்போகவில்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். அடுத்து சேசிஸ். ஸ்பிரிங் ஷேக்கிள் மாட்டும் இடங்களையும் குறுக்குச் சட்டங்களையும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் மந்தமாகும் இடத்தில் துரு உள்ளே தின்றிருக்கிறது. பாடித் தகடு எவ்வளவு போயிருந்தாலும் டிங்கர் சரி செய்துவிடுவார். சேசிஸ் போனால் வண்டியே போன மாதிரி.

இனி எஞ்சின். பல வருடம் நின்ற எஞ்சினில் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்புவது பெரிய ஆபத்து. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் ஒரே நொடியில் உடைந்துவிடும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் எஞ்சின் ஆயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு மூன்று கரண்டி விடுங்கள். குறைந்தது இரண்டு நாள் ஊறட்டும். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்க ஓட்டையில் ஹேண்டிலைப் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசையவில்லை என்றால் இன்னும் ஊறவிடுங்கள். நீளக் குழாய் போட்டு நெம்ப வேண்டாம்.

சுற்ற ஆரம்பித்ததும் பக்கவாட்டு வால்வு மூடியைத் திறந்து, ஒருவரை ஹேண்டில் சுற்றச் சொல்லிவிட்டு நான்கு எக்ஸாஸ்ட் வால்வையும் பாருங்கள். இந்த எஞ்சினின் வழக்கமான நோய் அங்கேதான் இருக்கிறது. வால்வுத் தண்டு துருப்பிடித்து மேலேயே நின்றுவிடும். டாப்பெட் மட்டும் கீழே இறங்கும், வால்வு இறங்காது. அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் வராது. எஞ்சின் முடிந்துவிட்டது, போர் அடிக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்வார்கள். துரு நீக்கும் எண்ணெயைத் தண்டில் விட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். போர் செலவைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் இன்லெட்டுக்கு 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட்டுக்கு 0.016 அங்குலம்.

பழைய ஆயிலை இறக்கி 20டபிள்யூ-40 ஆயில் ஊற்றுங்கள், சுமார் 4 லிட்டர் பிடிக்கும். இறக்கிய ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் பம்ப்பின் டயாபிரம் கிழிந்திருக்கிறது என்று பொருள். பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் மீட்டர் முள் எழுகிறதா என்று பாருங்கள். முள் எழும்வரை எஞ்சினை எரிய விடக் கூடாது. கம்ப்ரஷன் அளந்தால் நான்கு சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

அடுத்து தீப்பொறி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பாயிண்ட் தெரியும். நின்ற வண்டியில் அதன் இரு முகங்களிலும் சாம்பல் நிறப் படலம் படிந்திருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் கரண்ட் போகாது. மெல்லிய எமரி பேப்பரை நடுவில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்து, பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளைத் தாளை அதே இடத்தில் இழுங்கள். தாள் கறுப்பாகாமல் வரும்வரை இதைச் செய்ய வேண்டும். இடைவெளி 0.5 மி.மீ. பிளக் இடைவெளி 0.75 மி.மீ. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. காயில் வயரை பிளாக்கிலிருந்து 5 மி.மீ. தள்ளிப் பிடித்துச் சுற்றினால் நீலப் பொறி பாய வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக வந்தால் கண்டென்சரை மாற்றுங்கள். மிகப் பழைய வண்டிகளில் 6 வோல்ட் மின்சாரமும் உண்டு. பேட்டரி வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

சிஜே-3பியில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. உள்ளே துருவும் கெட்டுப்போன பெட்ரோலும் கோந்தாக உறைந்திருக்கும். டேங்க்கைக் கழற்றி வெளியே எடுக்காமல் அதன் பக்கத்தில் வெல்டிங் குச்சியை யாரையும் தொடவிடாதீர்கள். காலி டேங்க்கில் இருக்கும் ஆவிதான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது. முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்க்கே வேண்டாம். ஒரு சின்ன கேனில் புது பெட்ரோல் எடுத்து, எஞ்சினிலிருந்து தள்ளி உறுதியாகக் கட்டி, ஹோஸ் வழியாக பம்ப்புக்குக் கொடுங்கள். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதற்குத் தாங்காது. ஹோஸ், பம்ப் டயாபிரம், கார்புரேட்டர் கிட் மூன்றையும் எத்தனாலுக்குத் தாங்குவதாகக் கேட்டு வாங்கி ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்கிறவர்கள் கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் கை தானாக விடுபடும். கட்டை விரல் சுற்றிப் பிடித்திருந்தால் மணிக்கட்டு உடையும்.

எஞ்சின் பிடித்துக்கொண்டதும் தெருவுக்கு எடுக்கத்தான் மனம் துடிக்கும். அங்கேதான் நிற்க வேண்டும். இந்த ஜீப்பின் பிரேக் ஒரே சர்க்யூட். நான்கு சக்கரத்தில் எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இரும்புக் குழாயில் துருப் புள்ளி இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். இதில் மிச்சம் பிடிக்க இடமே இல்லை. சக்கரத்தைக் கழற்றும்போது இடப்பக்க நட்டுகள் இடது மரை என்பது நினைவிருக்கட்டும். தெரியாமல் வழக்கம்போலத் திருப்பி ஸ்டட்டை முறிப்பது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது.

ஹேண்ட் பிரேக் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அது சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் சும்மா சுற்ற, வண்டி நகர்ந்துவிடும். ஹேண்ட் பிரேக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள். மற்ற சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள், ஜாக்கி ஸ்டாண்ட் போடுங்கள்.

கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் தனித்தனி ஆயில் ஓட்டை உண்டு. ஒன்றில் குறைந்து மற்றதில் வழிந்தால் நடுவிலுள்ள சீல் போயிருக்கிறது. ஜிஎல்-4 தர 90 ஆயில்தான் வேண்டும். ஜிஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்மம் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது.

நான்கு சக்கர இழுவையைச் சோதிக்க மண் தரைக்குப் போங்கள். முன் ஆக்சிலைச் சேர்த்த பிறகுதான் லோ கியர் விழும். காய்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கரத்தையும் சேர்த்து ஓட்டவே கூடாது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லாததால் வளைவில் ஷாஃப்ட்கள் முறுக்கேறும், லீவர் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுங்கள், விடுபடும்.

இந்த நிலையில் ஒரு மழைக்காலமாவது வண்டியை இருக்கிறபடியே ஓட்டுங்கள். எது சூடாகிறது, எது ஒழுகுகிறது, உங்களுக்கு எது உண்மையில் குறைகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மேம்பாட்டுப் பட்டியல் அந்த நோட்டிலிருந்து வர வேண்டும், கடைக்காரர் வாயிலிருந்து அல்ல.

என் கணக்கில் முதல் செலவு மறுபடியும் பிரேக்தான். 9 அங்குல டிரம் இன்றைய போக்குவரத்துக்குப் போதாது. 11 அங்குல டிரம்மோ முன் டிஸ்க்கோ, கூடவே இரட்டைச் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டரும் போடுங்கள். பிறகு சீட் பெல்ட், ஸ்டியரிங் ஆட்டம், ரிலே வைத்த ஹெட்லைட், 12 வோல்ட் ஆல்டர்னேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன். வண்டியோடு வந்த டயர் 6.00-16. அதைவிட மிகப் பெரிய டயர் ஸ்டியரிங்கையும் ஆக்சிலையும் பிரேக்கையும் ஒருசேரச் சோதிக்கும். அழகுக்காக அதைப் போட நான் சொல்ல மாட்டேன். இந்த ஜீப்பின் ஆக்சில் விகிதம் 5.38. மணிக்கு 60 கிலோமீட்டரில் சுகமாகப் போகும். நூறைத் தொட வைக்க நினைத்தால் எஞ்சின், கியர், ஆக்சில் என்று எல்லாமே மாறி, கடைசியில் அது வேறு வண்டியாகிவிடும்.

எஞ்சின் மாற்றுவதற்கு முன் சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆர்.டி.ஓ. அனுமதி கையில் வராமல் எஞ்சினை இறக்காதீர்கள். 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அதை எடுக்க முடியாது. தினமும் ஓட்டும் வண்டியா, கண்காட்சி வண்டியா என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உதிரிபாகத்துக்குச் சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. தேனி மாவட்டத்தில் போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்கள் நெடுங்காலமாக மலை ஏறி இறங்குகின்றன. அங்குள்ள பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். பழைய எஞ்சினையோ பழைய ஆக்சிலையோ கழற்ற நேர்ந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். எண் தெரியும்படி துடைத்து, கிரீஸ் பூசி, தார்ப்பாயில் சுற்றி வீட்டிலேயே வையுங்கள்.