இணையான கார்கள் இணையாக ஓடாதது ஏன்?

அமெரிக்காவில் 1960களில் ‘மசில் கார்’ எனப்படும் ஒருவகைக் கார்கள் பெரும்புகழ் பெற்றன. நடுத்தர அளவுள்ள காரில் மிகப் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்துவதே இவற்றின் அமைப்பு. 389 கன அங்குல எஞ்சினுடன் 1964இல் வெளிவந்த போன்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகைக்கு வழிகாட்டி என்பர். அன்று முதல் இன்றுவரை ஆர்வலர் பலர் இக்கார்களின் கார்புரேட்டர், கேம் ஷாப்ட், புகைக்குழாய் முதலியவற்றை மாற்றிக் கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்ப்பாதையில் இருவர் இருவராகப் பந்தயம் ஓட்டி வருகின்றனர்.

இங்கே ஒரு வியப்பு. இரு கார்களுக்கும் ஒரே எஞ்சின். ஒரே உதிரிப் பாகங்கள். ஆயினும் ஒன்று 13 விநாடியில் எல்லையைக் கடக்க, மற்றொன்றுக்கு 14 விநாடி ஆகிறது. ஒரு விநாடிதானே என்று எண்ண வேண்டாம். மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் அது 44 மீட்டர் தூரமாகும். சேமித்த பணத்தையெல்லாம் எஞ்சினில் கொட்டியவர் தோற்று நிற்கிறார். காரணம் என்ன? நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலே விடை தரும்.

சாலையைப் பற்றும் திறன்

எஞ்சின் எவ்வளவு உந்தினாலும், டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு அனுமதிக்கும் அளவே கார் முன்னேறும். எஞ்சின் முன்புறம் இருப்பதால் காரின் எடையில் 44 விழுக்காடே பின்சக்கரங்களின்மீது அமைகிறது என்று கொள்வோம். கார் பாயும்போது எடையின் ஒரு பகுதி பின்னோக்கி மாறும். புவியீர்ப்பு மையத்தின் உயரம் 0.5 மீட்டர், அச்சுகளின் இடைவெளி 2.8 மீட்டர் எனக் கொண்டு கணக்கிட்டால், உராய்வுக் கெழு 1 ஆக உள்ள சாதாரண டயரில் மிகுதியான முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.54 பங்கு. கெழு 1.5 ஆக உள்ள மென்மையான பந்தய டயரில் அது 0.90 பங்கு. முதல் 18 மீட்டரைக் கடக்க முன்னதற்கு 2.6 விநாடியும் பின்னதற்கு 2 விநாடியும் தேவை. எஞ்சினைத் தொடாமலே அரை விநாடிக்கு மேல் மிச்சம்!

பொருத்தம்

நீண்ட நேரம் வால்வுகளைத் திறந்து வைக்கும் கேம் ஷாப்ட், மிகுந்த சுழற்சி வேகத்தில்தான் திறனைத் தரும்; குறைந்த சுழற்சியில் எஞ்சின் சோர்ந்துவிடும். அதனுடன் பின் அச்சில் 4.10 கியர் விகிதம் இருந்தால் எஞ்சின் விரைவில் உரிய சுழற்சியை எட்டும். 3.08 விகிதமோ நெடுஞ்சாலைப் பயணத்துக்கு ஏற்றது. பந்தயத்தில் அது எஞ்சினைத் திணறச் செய்யும். ஆகவே தனித்தனியே சிறந்த பாகங்கள் சேர்ந்து சிறந்த கார் ஆகிவிடா.

காற்றும் ஓட்டுநரும்

எஞ்சினின் உணவில் பெரும்பகுதி காற்றே. கொலராடோ மாநிலத்தில் 1958 முதல் 2023 வரை இயங்கிய பாண்டிமியர் பந்தயத் திடல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,770 மீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதற்கேற்ப எஞ்சினின் திறனும் குறையும். வெப்பமான நண்பகலிலும் சிறிய அளவில் இதே விளைவு உண்டு.

ஓட்டுநர் கிளட்சை விடும் விதமும் கியர் மாற்றும் நொடியும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். கார் புறப்பட்ட பின்னரே கடிகாரம் ஓடத் தொடங்குவதால், பச்சை விளக்கைக் கண்டும் தாமதித்தவர் குறைந்த நேரத்தில் ஓடியும் தோற்கக்கூடும்.

குறையைக் கண்டறிதல்

பந்தயச் சீட்டில் நேரம், எல்லையில் எட்டிய வேகம் என இரண்டும் அச்சாகும். எடை ஒத்த இரு கார்களின் இறுதி வேகம் ஒன்றாக இருந்து நேரம் மட்டும் வேறுபட்டால், எஞ்சின்கள் சமமே. இழப்பு புறப்பாட்டில் நேர்ந்தது. வேகமே குறைந்தால் எஞ்சினையோ கியரையோ ஆராய வேண்டும். இதை அறியாதவர் டயரில் உள்ள குறைக்கு எஞ்சினைப் பிரித்துப் பணத்தை வீணாக்குவர்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அளந்து, குறித்துவைப்பதே சரியான வழி. நம் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் சொல்லித் தரும் முறையும் இதுவே அன்றோ! எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் அன்று, சாலையைச் சேரும் ஆற்றலே வெற்றியைத் தரும்.