தாய்லாந்து மொழியில் வணக்கமும் பணிவுப் பேச்சும்: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தாய்லாந்துக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் பெரும்பாலும் 'ஸவாதிக்கா', 'கோப்குன்கா' என்ற இரண்டு சொற்களோடுதான் சமாளிக்கிறார்கள். ஆண்களும் அப்படியே சொல்கிறார்கள். விமானப் பணிப்பெண்ணிடமும் விடுதி வரவேற்பறைப் பெண்ணிடமும் காதால் கேட்டுக் கற்றதன் வினை அது. கடைசியில் வருகிற அந்த 'கா' பெண்கள் மட்டும் சொல்வது. மீசைக்காரர் ஒருவர் அதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் சிரிக்காமல் நிற்கிறார் என்றால் அது அவருடைய பண்பு.

இந்த மொழியில் பணிவு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் வராது. சொற்களை மனப்பாடம் செய்வது அதற்குப் பிறகு. (தாய் மொழி என்று எழுதினால் நம் தாய்மொழி ஆகிவிடும் என்பதால், தாய்லாந்து மொழி என்றே எழுதுகிறேன்.)

படி 1: வாக்கியத்தின் வாலைப் பிடியுங்கள்

தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே தெரிந்துவிடும். வா, வாங்க. போனான், போனார். தாய்லாந்து மொழியில் வினை மாறவே மாறாது. 'பை' என்றால் போ, போகிறேன், போனார், போவார்கள் எல்லாம்தான். வினையின் வடிவை மாற்றி மரியாதை காட்ட வழியில்லை. ஆகவே அது வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டது. ஆண் பேசினால் 'க்ஹ்ரப்', பெண் பேசினால் 'க்ஹ'. கேட்பவர் ஆணா பெண்ணா என்பது இங்கே கணக்கில்லை. பேசுகிறவர் யார் என்பதே கணக்கு.

பெண்களுக்கு ஒரு வேலை கூடுதல். செய்தி சொல்லும்போது 'க்ஹ' மேலிருந்து கீழே இறங்க வேண்டும். கேள்வி கேட்கும்போது அதே 'க்ஹ' உயரத்திலேயே நிற்க வேண்டும். ஆண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்களது 'க்ஹ்ரப்' எப்போதும் உயர்ந்த குரல்தான். அன்றாடப் பேச்சில் நடுவில் உள்ள 'ர்' விழுந்து 'க்ஹப்' என்றே காதில் விழும்.

இந்த வால் தனியாக வந்தால் 'ஆமாங்க', 'சரிங்க', 'சொல்லுங்க' என எல்லாவற்றுக்கும் பொருந்தும். தொலைபேசியில் ஒருவர் 'க்ஹப், க்ஹப், க்ஹப்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால், மறுமுனையில் பெரியவர் யாரோ பேசுகிறார் என்று பொருள். வாலுக்கு முன்னால் 'ந' சேர்த்து 'நக்ஹ்ரப்', 'நக்ஹ' என்றால் பேச்சு இன்னும் குழையும். நெருங்கிய நண்பர்கள் இதையெல்லாம் விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள், அதிகம் சொன்னதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

படி 2: தமிழ் வாயைக் கொஞ்சம் பழக்குங்கள்

க்ஹ, ப்ஹ, த்ஹ, ச்ஹ என்று நான் எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் மூச்சுக்காற்று வெளியே வர வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துச் சொல்லிப் பாருங்கள். 'பா' என்றால் பெரியம்மா. 'ப்ஹா' என்றால் துணி. தொனிகூட இரண்டுக்கும் ஒன்றே. காற்று மட்டும்தான் வேறுபாடு. ப்ஹூகெத் தீவை நம்மில் பலர் 'ஃபுகெட்' என்கிறோம். அது ஃப அல்ல, காற்றோடு வரும் ப.

தமிழருக்குக் கைவசம் ஒரு சொத்தும் இருக்கிறது. உதடு குவியாமல் சொல்லும் ஓர் உகரம் அந்த மொழியில் அடிக்கடி வரும். ஐரோப்பியர்கள் அதில் திணறுகிறார்கள். நமக்கு அது 'காது' என்ற சொல்லின் முடிவில் வரும் குற்றியலுகரம். அதைப் பிடித்துக் கொஞ்சம் நீட்டினால் போதும். பெயர் என்பதற்கான 'ச்ஹு', கை என்பதற்கான 'மு' எல்லாம் அந்த ஒலிதான். குறில் நெடில் பேதமும் நமக்குப் பழக்கமே.

ஆனால் அதே குற்றியலுகரம் நம்மைக் கவிழ்க்கவும் செய்யும். கிளாஸை 'கிளாசு' ஆக்குகிற பழக்கத்தில் 'க்ஹ்ரப்பு' என்று சொல்லிவிடுவோம். சொல்லின் கடைசி ப், த், க் மூன்றும் வாயை மூடியபடியே நிற்க வேண்டும். ஒலி வெளியே சிந்தக் கூடாது.

படி 3: ஐந்து தொனிகள்

சமம், தாழ்வு, இறக்கம், உயர்வு, ஏற்றம் என்று தொனிகள் ஐந்து. 'மா' என்று சமமாகச் சொன்னால் வா. உயர்த்திச் சொன்னால் குதிரை. தாழ்வில் தொடங்கி ஏற்றினால் நாய். 'க்லை' சமமாக இருந்தால் தொலைவு, இறங்கினால் அருகில். வழி கேட்கும்போது இந்த ஒரு சோடி படுத்துகிற பாடு சொல்லி மாளாது. 'ஸுவய்' என்று ஏற்றிச் சொன்னால் அழகு. சமமாகச் சொன்னால் துரதிர்ஷ்டம். பாராட்டும் முன் குரலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தையும் முதல் நாளே அட்டவணை போட்டு உருப்போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு சொல்லையும் அதன் தொனியோடு சேர்த்து ஒரு மெட்டாகக் கற்பதே மேல். இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. நாம் கேள்வி கேட்கும்போது வாக்கியக் கடைசியில் குரலை உயர்த்துவோம். கோபம் வந்தால் இறக்குவோம். அங்கே அப்படிச் செய்தால் சொல்லே மாறிவிடும். கேள்விக்குத் தனிச்சொல் உண்டு: உயர்ந்த 'மை'. இறங்கும் 'மை' என்றால் இல்லை. 'மை' எங்கே நிற்கிறது என்பதையும் கவனித்தால் குழப்பம் குறையும். கேள்வி 'மை' கடைசியில் வரும். மறுப்பு 'மை' வினைக்கு முன்னால் வரும்.

படி 4: ஸவத்தீயும் வாயும்

வணக்கத்துக்கு ஸவத்-தீ. முதல் இரண்டு அசைகள் தாழ்வு, கடைசி நெடில் சமம். அந்தத் 'தீ' நெருப்பைக் குறிக்கும் 'தீ' அல்ல, 'தீபம்' என்பதில் வருகிற மெல்லொலி. காலை, மாலை, இரவு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே. விடைபெறும்போதும் இதுவே.

பழமையான சொல் போலத் தோன்றினாலும் இந்த வணக்கம் புதியது. சூலாலங்கோன் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்த மொழியறிஞர் பிரயா உபகித் சிலபஸான் 1930களில் இதைப் புழக்கத்தில் விட்டார். பிபூன் சோங்க்ராம் அரசு 1943 ஜனவரி 22 அன்று இதை அதிகாரபூர்வ வணக்கச் சொல் ஆக்கியது. மூலம் சம்ஸ்கிருத ஸ்வஸ்தி. நம் கல்வெட்டுகள் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்குகின்றனவே, அதே சொல்தான்.

அதற்கு முன் மக்கள் கேட்டுக்கொண்டதும், இன்றும் அக்கம்பக்கத்தார் கேட்டுக்கொள்வதும் வேறு. 'கின் க்ஹாவ் ரு யங்?' சாப்பிட்டாச்சா? நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். சாப்பிட்டிருந்தால் 'கின் லேவ் க்ஹ்ரப்', இல்லையென்றால் 'யங் க்ஹ்ரப்'. இன்னொன்று 'பை நை மா?', எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்பது. வெளியே கிளம்புகிறவரை 'எங்கே போறே' என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்று நம் வீட்டில் திட்டுவார்கள். அங்கே அது வெறும் குசலம். 'சும்மா இப்படி' என்கிற அளவுக்கு ஒரு பதில் போதும். 'ஸபாய் தீ மை?' என்ற நலம் விசாரிப்பைச் சில நாள் பார்க்காதவரிடம் வைத்துக்கொள்ளுங்கள். 'சபை'யில் வருகிற ப அதற்குச் சரி. பதில் 'ஸபாய் தீ க்ஹ்ரப்'.

கை கூப்புவதற்கு 'வாய்' என்று பெயர். கும்பிடத் தெரிந்த நமக்கு இதில் என்ன பாடம் என்று நினைக்கலாம். பாடம் இருக்கிறது. கை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதே அங்கே பேச்சு. வயதில் மூத்தவருக்கு விரல் நுனி மூக்கைத் தொட வேண்டும்; பெற்றோர், ஆசிரியருக்குப் புருவ நடுவை. பிக்குகளுக்குக் கட்டைவிரலே புருவ நடுவுக்கு ஏறும். தலையும் கைக்கு இறங்கி வர வேண்டும். இளையவர்தான் முதலில் கும்பிடுவார். மூத்தவர் மார்பளவில் பதில் தருவார். பிக்குகள் பதில் தருவதே இல்லை, அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடையில், உணவகத்தில் ஊழியர் கும்பிட்டால் புன்னகையோடு தலையசைப்பதே முறை. தேர்தல் வேட்பாளர் மாதிரி கண்ணில் பட்ட எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டு போனால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

படி 5: முறை வைத்துக் கூப்பிடுங்கள்

தமிழருக்கு வெள்ளைக்காரரைவிட வேகமாகக் கைவரும் பகுதி இது. முன்பின் தெரியாத ஆட்டோக்காரரை நாம் அண்ணா என்பது போலத்தான் அவர்களும். உங்களைவிடச் சற்று மூத்தவர் 'ப்ஹீ', இளையவர் 'நோங்'. இரண்டுக்கும் ஆண்பால் பெண்பால் கிடையாது; அண்ணனும் ப்ஹீ, அக்காவும் ப்ஹீ. உணவு பரிமாறும் இளம்பெண்ணை 'நோங் க்ஹ்ரப்' என்று அழைத்தால் திரும்பிப் பார்ப்பார். விரல் சொடுக்குவதோ கத்துவதோ வேண்டாம்.

அடுத்த தலைமுறைக்கு வரும்போது அவர்கள் கணக்கு நம் கணக்கிலிருந்து விலகுகிறது. நமக்குத் தாய்வழியா தந்தைவழியா என்பது முதல் கேள்வி. அங்கே அப்பா அம்மாவைவிட மூத்தவரா இளையவரா என்பதே முதல் கேள்வி. மூத்த ஆண் 'லுங்', மூத்த பெண் 'பா', எந்த வழியானாலும் சரி. இளையவராக இருந்தால்தான் வழி பார்க்கிறார்கள்: அம்மாவின் தம்பி தங்கை 'நா', அப்பாவின் தம்பி தங்கை 'ஆ'. தாத்தா பாட்டிக்கோ நான்கு சொற்கள். அம்மா வழியில் 'தா', 'யாய்'. அப்பா வழியில் 'பூ', 'யா'.

வெளியாரிடம் 'பா' என்பதைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். நாற்பது வயதுப் பெண்மணியை 'ஆன்ட்டி' என்றால் இங்கே என்ன நடக்குமோ அதேதான் அங்கேயும் நடக்கும். சந்தேகம் வந்தால் ப்ஹீ. பேச்சு தொடங்கிய சில நிமிடங்களில் அவர்கள் உங்கள் வயதைக் கேட்கலாம். வம்புக்கு அல்ல, ப்ஹீயா நோங்கா என்று முடிவுசெய்யத்தான்.

உத்தியோக இடங்களில் பெயருக்கு முன் 'க்ஹுன்' சேர்ப்பார்கள், நம் திரு, திருமதி போல. அது குடும்பப் பெயரோடு சேராது, சொந்தப் பெயரோடுதான் சேரும். குடும்பப் பெயர் அங்கே 1913இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்த வழக்கம்; இன்றும் பேச்சில் அதற்கு இடமில்லை. இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு இது நிம்மதி. இதற்கு மேல் எல்லாருக்கும் ஒரு செல்லப்பெயர். 2024இல் பிரதமரான பேதோங்தார்ன் ஷினவத்ராவைப் பத்திரிகைகளே 'உங் இங்' என்று எழுதின.

'நான்' என்பதற்கு ஆண் 'ப்ஹொம்', பெண் 'ச்ஹன்'. மிக முறையான இடத்தில் பெண் 'திச்ஹன்'. பெரியவர்களிடம் இளம்பெண்கள் தம்மை 'நூ' என்று சொல்லிக்கொள்வார்கள். எலி என்று பொருள்! நீங்கள் அந்த அளவுக்குப் பணிய வேண்டியதில்லை.

படி 6: நன்றி, மன்னிப்பு, கேட்பது, மறுப்பது

நன்றிக்கு 'க்ஹோப் க்ஹுன் க்ஹ்ரப்'. 'க்ஹோப் ச்சை' என்றும் கேட்பீர்கள். அது பெரியவர் சிறியவருக்குச் சொல்வது, நீங்கள் மேல்நோக்கிச் சொல்லக் கூடாது. மன்னிப்புக்கு 'க்ஹோ த்ஹோத்'. த்ஹோத் என்பது நம் தோஷம்தான். கூட்டத்தில் வழி கேட்டு நுழையவும், தெரியாதவரைப் பேச்சுக்கு இழுக்கவும் இதே சொல் உதவும். இரண்டுக்கும் பதில் 'மை பென் ரை', பரவாயில்லை. ஆனால் காலை மிதித்துவிட்டு நீங்களே 'மை பென் ரை' என்று சொல்லாதீர்கள். அது மிதிபட்டவர் சொல்ல வேண்டியது.

ஒரு பொருள் வேண்டுமென்றால் 'க்ஹோ' முன்னால், 'நொய்' பின்னால். தண்ணீர் கொஞ்சம் கொடுங்கள்: 'க்ஹோ நாம் நொய் க்ஹ்ரப்'. வேண்டாம் என்றால் 'மை அவ் க்ஹ்ரப்', கூடவே ஒரு புன்னகை. தலையை இடவலமாக ஆட்டி நாம் சொல்கிற 'சரி' அங்கே யாருக்கும் புரியாது.

படி 7: தொடாமல் விட வேண்டியவை

சாப்பிடுவது என்ற ஒன்றுக்கே கின், த்ஹான், ரப்ப்ரத்ஹான் என்று மரியாதை ஏற ஏறச் சொல் மாறும். பிக்குகளுக்கு 'ச்ஹன்', அரசருக்கு 'ஸவோய்'. அரசருக்கான சொற்றொகுதியைத் தாய்லாந்துக்காரர்களே பள்ளியில் தனியாகப் படிக்கிறார்கள். நீங்கள் பொது இடத்தில் 'த்ஹான்' வரை போனால் போதும்.

இன்னொரு சொல் காதில் விழும்: 'க்ஹேக்'. விருந்தாளி என்பது முதல் பொருள். இந்தியர், மலாய்க்காரர், அரேபியரையும் அப்படிச் சொல்வார்கள். பாங்காக் சீலோம் சாலையில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கு ஊர் வைத்த பெயரே 'வத் க்ஹேக்'. டாக்சிக்காரரிடம் அப்படிச் சொன்னால்தான் புரியும். சிலர் வாயில் அதில் ஏளனமும் கலக்கும். தொனியைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் பெயருக்காக டாக்சிக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

படி 8: எழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

மேலே நான் தமிழில் எழுதிக்காட்டியது எல்லாம் ஊன்றுகோல் மட்டுமே. தொனியைத் தமிழ் எழுத்தும் காட்டாது, ஆங்கில எழுத்தும் காட்டாது. தாய்லாந்து எழுத்து காட்டும். 44 மெய்கள் என்று கேட்டு மிரள வேண்டாம். வரிசை நமக்குத் தெரிந்ததுதான்: க வரிசை, ங, ச வரிசை, ஞ என்றே போகும். ஏ, ஐ ஒலிகளின் குறி மெய்க்கு முன்னால் நிற்கும், நம் கொம்பு போல. பல்லவர் எழுத்து கெமர் வழியாகப் போய்ச் சேர்ந்த இடம் அது. ஊன்றுகோலோடு ஒரு மாதம் ஓட்டலாம். அதற்கு மேல் அங்கே தங்கப் போகிறவர் எழுத்துப் பலகையை இன்றே வாங்கிவிடுங்கள்.