காற்றும் குளமும் ஊர்க் கிணறும்



வென்ட்வேர்த்விலில் மலசலகூடத்தில் தண்ணீரை விட்டதும் கழிவு போய்விடுகிறது. எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்திலோ கிணறும் மலசலகூடக் குழியும் பெரும்பாலும் ஒரே வளவுக்குள்தான். ஊரில் வீடு திருத்தவும் பாடசாலைக்கு மலசலகூடம் கட்டவும் பணம் அனுப்பும் எமக்கு இந்தப் பாடம் அவசியம்.

கழிவுநீரைச் சுத்திகரிப்பவை பற்றீரியாக்கள். அதற்கு அவற்றுக்கு ஒட்சிசன் வேண்டும். கணக்காளர் பழக்கத்தில் வரவு செலவு பார்ப்போம். 25 பாகை வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீர் கரைத்து வைத்திருக்கக்கூடிய ஒட்சிசன் சுமார் 8 மில்லிகிராம். வீட்டுக் கழிவுநீர் கேட்பதோ லீற்றருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை. இந்தப் பற்றாக்குறையால்தான் நாற்றம் எழுகிறது. சாதாரண குளத்தில் பாசியும் காற்றும் கடனை மெல்ல அடைக்கும். அதற்கு அகன்ற நிலமும் பல வாரங்களும் தேவை. மின்பம்பியால் அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை ஊட்டினால் சிறிய குளமும் சில நாட்களும் போதும்.

ஆனால் யாழ்ப்பாணத்துக்கு இது பாதி மருந்துதான். காற்றூட்டும்போது கழிவிலுள்ள அமோனியா நைத்திரேற்றாக மாறுமேயன்றி நீரைவிட்டுப் போகாது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மீறினால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலு குறையும். உரத்தாலும் மலக்குழிகளாலும் குடாநாட்டின் பல கிணறுகள் இந்த அளவைத் தாண்டியுள்ளன. சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் எதையும் வடிகட்டுவதில்லை.

இதற்கு வழி மெல்பேர்ண் அருகே வெரிபியில் உண்டு. 1897 முதல் இயங்கும் அந்நிலையம் நகரின் கழிவுநீரில் ஏறக்குறைய பாதியைக் குளங்களில் சுத்திகரிக்கிறது. பறவைகளுக்குப் பேர்போன இடம். 1982இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே காற்றூட்டிய நீரை ஒட்சிசன் இல்லாத பகுதிக்குத் திருப்பிவிடுகிறார்கள். வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வானுக்கு அனுப்பிவிடும். போர்ட் பிலிப் குடாவைக் காக்கச் செய்த ஏற்பாடு இது. குடாவுக்குப் பதில் கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஊரில் யாராவது காற்றூட்டும் குளத்துக்குப் பணம் கேட்டால், காற்றில்லாப் பகுதி உண்டா, அடித்தளத்துக்குக் களிமண்ணோ தடித்த பிளாஸ்ரிக் விரிப்போ போடுகிறார்களா என்று விசாரியுங்கள். வெளிவரும் நீர் தெளிந்திருந்தாலும் குடிக்க உதவாது. வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். மாதாந்த மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். பம்பி நின்றால் சில மணி நேரத்திலேயே ஒட்சிசன் தீர்ந்துவிடும்.