இளஞ்சிவப்புத் தண்ணீரில் சாயம் இல்லை

தமிழ்நாட்டிலிருந்து இரண்டு நாள் பயணமாகத் திருவனந்தபுரம் வருகிறவர்களில் பலர் புளியோதரைப் பொட்டலமும் பாட்டில் தண்ணீருமாகத்தான் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்குகிறார்கள். பத்மநாபசுவாமி கோயில், கோவளம், மிருகக்காட்சிசாலை என்று பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் சரியாக இருக்கும். சாப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்ததுதான் பெரும்பாலும் தப்பு.

முதல் பயம் தண்ணீர். ஹோட்டலில் உட்கார்ந்ததும் இளஞ்சிவப்பாக வெந்நீர் கொண்டுவந்து வைப்பார்கள். "கலர்ப்பொடி போட்டிருக்கான், குடிக்காதே" என்று பிள்ளையின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. அது பதிமுகம். அந்த மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியைச் சீவிப் போட்டுக் கொதிக்கவிட்டால் தானாக இறங்கும் நிறம். சில கடைகளில் சீரகம், சில கடைகளில் கருங்காலி. இது ரத்தத்தைச் சுத்தம் செய்யும், சர்க்கரையைக் குறைக்கும் என்று சொல்லி விற்பதையும் நான் நம்புவதில்லை. கொதித்த தண்ணீர் என்பதுதான் இதன் பெருமை. அந்தப் பெருமையையும் சில கடைக்காரர்கள் கெடுத்துவிடுகிறார்கள்: சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீரை அதில் ஊற்றிவிடுவார்கள். மஞ்சள் காமாலை பரவும்போதெல்லாம் கேரளச் சுகாதாரத் துறை இந்தக் கலப்படத்தைத்தான் கண்டிக்கிறது. ஆகவே நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். சூடில்லாமல் வந்தால், "பச்சவெள்ளம் சேர்த்ததாணோ?" என்று கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தம்பானூர் பேருந்து நிலையத்தருகே செங்கல்லில் சுருள் சுருளாக ஏறிப்போகும் இந்தியன் காபி ஹவுஸை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கட்டியவர் லாரி பேக்கர். உள்ளே தலைப்பாகைப் பரிசாரகர்களைப் பார்த்துவிட்டு அரசாங்க ஹோட்டல் என்று நினைப்பது வழக்கம். காபி வாரியம் தன் கடைகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணையோடு தொடங்கிய கூட்டுறவு இது. கேரளத்தின் முதல் கடை 1958-ல் திருச்சூரில் திறந்தது. மசால் தோசைக்குள் சிவப்பாக இருப்பது பீட்ரூட். அங்கேயும் சாயமில்லை.

"கேரளாவா? பரோட்டாவும் பீஃபும்தான், சைவம் கிடைக்காது." இதைச் சொல்கிறவர்கள் கிழக்கேக் கோட்டைப் பக்கம் போனதில்லை. கோட்டைக்குள்ளும் கரமனையிலும் தமிழ் அக்ரகாரங்கள் இன்றும் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடும் இந்த ஊரும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. அங்கே விளைந்த நெல்லைத்தான் இங்கே பொங்கினார்கள். சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவைத் தமிழ்க் கதைகளாக எழுதினார் ஆ. மாதவன். நம் போளி இந்த ஊர்ச் சத்யா விருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது: மஞ்சள் போளியை இலையில் போட்டு, மேலே பால்பாயசம் ஊற்றி, கையால் பிசைந்து சாப்பிட வேண்டும். ஸ்பூன் கேட்டால் ருசி பாதி போச்சு. பாயசம் வந்துவிட்டதே என்று இலையை மூடிவிடாதீர்கள். அதற்குப் பிறகும் சோறு வரும், புளிசேரியும் மோரும் வரும்.

அசைவக்காரர்களுக்கு ஒரு திருத்தம். சாலைக் கடைத்தெருவில் 1949 முதல் நடக்கும் ரஹ்மானியா ஹோட்டலின் 'கேத்தல் சிக்கன்' தேங்காய் அரைத்த குழம்பு அல்ல. சின்னக் கோழியை மசாலாவோடு எண்ணெயில் பொரித்து, சப்பாத்தியும் எலுமிச்சைச் சாறும் கூட வைத்துத் தருவார்கள்.

மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும் ஆதிகாலக் கேரள உணவு என்பது இன்னொரு நம்பிக்கை. மரச்சீனி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைத் திருவிதாங்கூரில் பரப்பப் பாடுபட்டார். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து அரிசி வரத்து நின்றபோதுதான் ஏழை வீடுகளின் அன்றாடச் சாப்பாடாயிற்று. பஞ்சத்துக்குச் சாப்பிட்டதை இன்று நட்சத்திர ஹோட்டலில் விலை கொடுத்துச் சாப்பிடுகிறோம்.

கடைசியாகக் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் தடை என்பதால், எல்லை தாண்டியதும் பதநீர் குடிக்கிற மாதிரி குடிக்கிறார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர். தடவாவிட்டால் பானையிலேயே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனித்தது சாயங்காலம் புளித்து, போதையும் கூடியிருக்கும். குடித்துவிட்டு ஸ்கூட்டரில் கோவளம் இறங்குவது சுத்த மடத்தனம். இன்னொன்று: கேரளத்தில் மது அருந்தும் வயது 23. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மதுக்கடைகளும் பார்களும் வழக்கமாக மூடியிருக்கும். டிக்கெட் போடுமுன் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.