சிறப்புத் தேவையுடைய குழந்தையின் பள்ளிச் சேர்க்கை: ஓராண்டு முன்னரே திட்டமிடல்

பள்ளிப் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டவுடன் சேர்க்கை முடிந்துவிட்டதாகக் கருதுவது வழக்கம். சிறப்புத் தேவையுடைய குழந்தையைப் பொறுத்தவரை அது தொடக்கமே ஆகும். நடக்க இயலாத குழந்தைக்குச் சாய்தளமும், செவித்திறன் குறைந்த குழந்தைக்குச் செவித்துணைக் கருவியும் சேர்க்கைக்குப் பின்னரே தேடப்படுமாயின் முதலாண்டு வீணாகும். பெற்றோர் நம்பிக்கை இழந்து குழந்தையை வீட்டிலேயே நிறுத்திவிடவும் கூடும்.

சட்டம் அளிக்கும் உரிமை

இக்குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளிலேயே பயிற்றுவிக்கும் கருத்தைக் கோத்தாரி கல்விக் குழு (1964–66) வலியுறுத்தியது. 1974-இல் அதற்கென ஒரு மத்தியத் திட்டம் தொடங்கப்பெற்றது. எனினும் உரிமை முழு வடிவம் பெறப் பல்லாண்டுகள் ஆயின. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு செய்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் சேர்க்கை மறுக்கப்படுவதையும் அது அனுமதிப்பதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுடையோர்க்கு 6 முதல் 18 வயது வரை, அண்மைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயிலும் உரிமையை அளிக்கிறது.

மூன்று துறைகள், ஒரு குழந்தை

உரிமை ஆறாம் வயதில் தொடங்குகிறது. தேவையோ அதற்கு முன்பே எழுகிறது. 3 முதல் 6 வயது வரை குழந்தை பெரும்பாலும் அங்கன்வாடியில் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறை பரிசோதனை நடத்த வேண்டும்; குறை காணப்படும் குழந்தை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுகிறது. ஆனால் அங்கன்வாடி, மருத்துவம், பள்ளி ஆகியவை வெவ்வேறு துறைகளைச் சார்ந்தவை. ஒரு துறை அறிந்தது மற்றொன்றுக்குச் சென்று சேராவிடில், முதல் வகுப்பு ஆசிரியர் அனைத்தையும் புதிதாகக் கண்டறிய நேரிடும். இடைவெளி இங்கேதான் உள்ளது.

செய்ய வேண்டுவன

சேர்க்கைக்கு ஓராண்டு முன்னரே அங்கன்வாடிப் பணியாளர், பெற்றோர், தலைமையாசிரியர், வட்டார வள மையச் சிறப்பாசிரியர் ஆகியோர் ஒருமுறையேனும் கூடிப் பேசுதல் வேண்டும். குழந்தை எவ்வாறு தொடர்பு கொள்கிறது, எதற்கு அஞ்சுகிறது, உணவிலும் கழிப்பறையிலும் என்ன உதவி தேவை என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிப் பள்ளிக்கு அளிக்கலாம். கட்டட மாற்றம், கருவி, போக்குவரத்து ஆகியவற்றுக்கான கோரிக்கை, சமக்ர சிக்ஷா ஆண்டுத் திட்டம் தயாரிக்கப்படும் முன்னரே சென்றடைதல் நன்று. குறைபாட்டுச் சான்றிதழுக்கான முயற்சியும் உடன் நடைபெறலாம். ஆயின் சான்றிதழ் வரும்வரை சேர்க்கையை நிறுத்திவைத்தல் முறையன்று.

பரிசோதனையின் நோக்கம் குழந்தை பள்ளிக்குத் தகுதியுடையதா என அறிவதன்று. அக்குழந்தையை ஏற்கப் பள்ளி எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என அறிவதேயாகும். இவ்வேறுபாட்டை அலுவலர் உணர்ந்து செயற்படும்போதே சட்டம் தரும் இடம் கல்வியாக மலரும்.